வடிவுக்குத் தனிக் கலவை

மணி ரெண்டேகால் ஆகியும் குற்றாலிங்கம் பிரஷ்ஷைத் தொடவில்லை, பலகையில் பிதுக்கிவைத்த நாலு வண்ணத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார், வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கருப்பு, நாலே நாலு, இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அறையையும் அதற்குள் இருக்கிற ரெண்டு பொம்பிளைகளையும் எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவந்துவிடுகிறேன் பார் என்று யாரும் கேட்காத சவாலை அவரே விட்டு அவரே ஏற்றுக்கொண்டு இன்றோடு இருபத்தேழு நாள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்திநாலு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து பானையும் குடையும் வரையச் சொல்லிக்கொடுத்து ஓய்ந்த மனுஷன். ரிட்டயர் ஆன பிறகாவது ஒரு படம், ஒரே ஒரு படம் தன் பேர் சொல்லும்படி செய்துவிட வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நடக்கிற கண்காட்சிக்கு அதை அனுப்பிவிட வேண்டும் என்று ஆசை, அதில் தப்பு சொல்ல முடியாது. ஜன்னலை ஒட்டிப் பிரம்பு நாற்காலியில் அவர் மனைவி வடிவு கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் கட்டிலில் வடிவின் தங்கை ஆவுடை, அடுத்த தெருக்காரி, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு அக்காவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்து ஜாக்கெட் ஒன்றைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் கட்டில் முடிந்துவிட்டது, இரும்பு பீரோ, சுவரில் காரை பெயர்ந்த இடம், ஆவுடை, அவள் மடியில் கிடக்கிற துணி எல்லாம் முடிந்துவிட்டது. முடியாதது வடிவின் முகம் ஒன்றுதான். அது தினமும் முடிகிறது, மறுநாள் ரெண்டு மணிக்கு வந்து பார்த்தால் தப்பாக இருக்கிறது. நாற்காலியில் இருக்கிறவள் படத்தில் இருக்கிறவளைவிட ஒரு பிடி மஞ்சளாக இருக்கிறாள். அதை அவர் பார்த்தார், இல்லையென்று சொல்லக்கூடாது, உலகத்திலேயே முதலில் பார்த்தவர் அவர்தான். பார்த்துவிட்டுப் பலகையில் காவியைக் கூட்டினார்.

நாலு வண்ணத்தில் வேலை செய்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அளவு கைக்கு வந்துவிடும், ரசத்துக்கு உப்புப் போடுகிற கை மாதிரி, பார்த்துப் போட வேண்டியதில்லை. காவி ரெண்டு பங்கு, சிவப்பு ஒன்று, வெள்ளை முக்கால், கத்தி நுனியில் துளி கருப்பு, இதுதான் வடிவுக்கும் ஆவுடைக்கும் பொதுவான கலவை, ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே நிறம், முதல் எட்டு நாளும் பலகையில் ஒரே குவியல்தான் இருந்தது. வெளிச்சம் விழுகிற இடத்துக்கு வெள்ளையைக் கூட்டு, நிழலுக்குக் கருப்பைக் கூட்டு, தீர்ந்தது வேலை. ஒன்பதாம் நாள், அது ஒரு வியாழக்கிழமை, கலவையை எடுத்து ஆவுடையின் கன்னத்தில் வைத்தார், உட்கார்ந்தது, அதே பிரஷ்ஷால் வடிவின் கன்னத்தில் வைத்தார், உட்காரவில்லை, ரோஸ் பவுடர் அப்பினது மாதிரி தனியாக நின்றது. கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் காவியைச் சேர்த்தார், சரியாயிற்று. அன்றைக்குத்தான் பலகையில் முதன்முதலாக ரெண்டு குவியல். முந்தின நாள்தான் காவியில் புது டியூப் உடைத்திருந்தார், அப்படியானால் டியூப்தான் கோளாறு, வேறென்ன, இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காக வண்ணம் அரைக்கிறான் என்று பஸ் ஏறி வண்ணார்பேட்டைக் கடைக்கே போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துப் பழைய டியூபில் மிச்சமிருந்ததையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் பிதுக்கி, "எது பழசு, எது புதுசு, சொல்லுங்க சார்வாள்" என்றார். சொல்ல முடியவில்லை. கடையில் டியூப் லைட், அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதே காவியைத்தானே ஆவுடைக்கும் போடுகிறோம், ஆவுடை மட்டும் ஏன் மஞ்சளாகவில்லை என்று ஒரு நினைப்பு நடுவில் எட்டிப் பார்த்தது. அதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது.

அப்புறம் வேப்பமரம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வேம்பு, ஆனி மாசத்துச் சாரல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, அதன் பச்சை வடிவின் முகத்தில் அடிக்கிறது என்று கண்டுபிடித்தார். காவியோடு கருப்பைக் கலந்தால் பச்சை தட்டும், இது அவருக்குத் தெரியும், வடிவின் கழுத்து நிழலுக்கு அந்தப் பச்சைதான் தேவைப்பட்டது, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது, மரத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பல்லைக் காட்டி, ஆள் விட்டு ரெண்டு கிளையை வெட்டியாயிற்று. வெட்டினதும் அறைக்குள் நல்ல வெளிச்சம், வடிவின் கழுத்து முன்னைவிட இன்னும் தெளிவாகப் பச்சை. அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை, வேறொரு பயம் வந்துவிட்டது, கண். கண்ணில் புரை விழுந்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரியுமாமே, அறுபத்தொன்று நடக்கிறது, அப்பாவுக்கும் இந்த வயதில்தான் விழுந்தது, முதல் படம் முடிகிற நேரத்தில் கண் போனால் என்ன செய்வேன் என்று நிஜமாகவே பயந்துபோனார், பக்கத்தில் வடிவு புரண்டு புரண்டு படுத்து முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது காதில் விழுந்தது, தூங்கவும் விடமாட்டாளா என்று எரிச்சல்கூட வந்தது. மறுநாள் ஒரு கண்ணைப் பொத்தி ஆவுடையைப் பார்த்தார், மறு கண்ணைப் பொத்தி ஆவுடையைப் பார்த்தார், ஆவுடை ரெண்டு கண்ணுக்கும் ஆவுடையாகவே இருந்தாள். "என்னத்தான், கண்ணடிக்கீய" என்றாள் அவள். வடிவும் சிரித்தாள். கண் நன்றாக இருக்கிறது என்று அவருக்கு எவ்வளவு நிம்மதி, அந்த நிம்மதியில் அன்றைக்குப் பூராவும் வடிவின் கைகள் இரண்டையும் நன்றாக வரைந்தார்.

டியூப் இல்லை, மரம் இல்லை, கண் இல்லை, அப்புறம் என்ன என்று யோசித்து யோசித்துக் கடைசியில் மஞ்சள் என்று பிடித்துவிட்டார், ஏன் முதலிலேயே தோன்றவில்லை, செவ்வாயும் வெள்ளியும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவளாயிற்றே. அந்தச் சனிக்கிழமை, பதினோராம் நாள், கூப்பிட்டுச் சொன்னார், "படம் முடியற வரைக்கும் நீ மஞ்சளைத் தொடாத, நிறம் குழம்புது" என்று. வடிவு முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கே, கட்டுன பொண்டாட்டிய மஞ்சளைத் தொடாதன்னு சொல்லுதீயளே" என்றாள், சிரிப்பாகத்தான் சொன்னாள், சரி என்றும் சொன்னாள். ஆனாலும் நிறம் இறங்கவில்லை, ஏறத்தான் செய்தது, விடமாட்டாள், பொம்பிளைகள் விடுவார்களா, தெரியாமல் தேய்த்துக்கொள்கிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டார், கேட்கவும் இல்லை, கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டாள். இப்போது நின்றுகொண்டு அதை நினைக்கும்போது ஓரத்தில் என்னவோ இடறியது, முதன்முதலாக மஞ்சளாகத் தெரிந்தது வியாழக்கிழமையல்லவா, செவ்வாய்க்கிழமை தேய்த்தது வியாழன் வரைக்குமா நிற்கும், வெள்ளியோ மறுநாள்தான், வியாழக்கிழமை எப்படி என்று. இடறினதைத் தாண்டிப் போய்விட்டார். பிரஷ்ஷை எடுத்து டர்பன்டைனில் நனைத்துத் துணியில் துடைத்தார்.

"அசையாத வடிவு." "அரிக்கி." "கொஞ்ச நேரம் பொறு, நெத்தியத் தொட்டுக்கிட்டு இருக்கேன்." "உள்ளங்காலுகூட அரிக்கி, என்ன எழவோ" என்று வடிவு ஒரு காலால் மறு காலைத் தேய்த்தாள். "வேர்க்குருவா இருக்கும்" என்றார் அவர், படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "சாரக் காத்துல என்ன அத்தான் வேர்க்குரு" என்று ஆவுடை ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கிட்டத்துக் கண்ணாடி போட்டிருந்தாள், அது போட்டால் கையிலிருக்கிற ஊசி தெரியும், நாலடி தள்ளியிருக்கிற அக்கா புகை மாதிரிதான் தெரிவாள். இந்த அறைக்கு வெளியே வீடு பூராவும் இருட்டு, பகலிலேயே லைட் போட வேண்டும், குளிக்கிற இடத்துக் கண்ணாடிக்கு மேலே ஒரு குண்டு பல்பு மஞ்சளாக எரிகிறது, அதில் யார் முகமும் மஞ்சள்தான். நல்ல வெளிச்சமுள்ள ஒரே அறையை அவர் எடுத்துக்கொண்டார், ஸ்டாண்டை வைத்தார், எண்ணெய் நாற்றம் என்று அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, தினம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணிவரை வடிவை வெளிச்சத்தில் உட்கார்த்தி ஒருத்தர் கண்கொட்டாமல் பார்க்கிறார் என்றால் அது அவர்தான். என்ன அழகாகத் தொங்குகிறது அந்த ஜாக்கெட் கை, முதல் வாரத்தில் சதையைப் பிடித்துக்கொண்டு நின்றது, இப்போது மடிப்பு மடிப்பாக இறங்கி முழங்கைக்கு மேலே ஒரு நிழலை உண்டாக்கியிருக்கிறது, படத்துக்கு அது எவ்வளவு நல்லது என்று ரெண்டு தடவை அழித்து எழுதினார். கண்ணுக்குக் கீழே விழுந்த குழியும் அப்படித்தான், கன்ன எலும்பு எழும்பியதும் அப்படித்தான், முகத்துக்கு ஒரு கட்டு வந்திருக்கிறது. இந்த வருஷம் நெல்லையப்பர் தேருக்குப் போக வேண்டாம், கால் வலிக்கி, சாப்பாட்டைப் பார்த்தாலே கொமட்டுது என்று அவள் சொன்னபோதும், சரி, தேர் அன்றைக்கும் ஒரு உட்காரல் கிடைத்தது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

இது புதுசு இல்லை, இவர் இப்படித்தான். அப்பா இறந்த அன்றைக்கு நடுவீட்டில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள், இருபத்துநாலு வயது அப்போது, அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள், சொந்தக்காரர்கள் கட்டிப்பிடிக்கிறார்கள், இவர் அப்பாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அது என்ன நிறம், கருப்பா, கருப்பு இல்லை, சிவப்பில் எவ்வளவு கருப்பு போட்டால் அது வரும், கொஞ்சம் வெள்ளையும் வேண்டும், ஈயம் மாதிரி, வரும், கொண்டுவந்துவிடலாம் என்று மனசுக்குள் கலந்துகொண்டே நிற்கிறார். அழுகை வரவில்லை. யாரோ தோளைத் தட்டி, "வாய்விட்டு அழுதுரு தம்பி" என்றபோது இவருக்குத் திருடிப் பிடிபட்டது மாதிரி இருந்தது. அன்றிலிருந்து உள்ளுக்குள் ஒரு பயம், எனக்குப் பாசம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லை வெறும் கண்ணாக மட்டும் பிறந்துவிட்டேனா, வடிவைப் பெண் பார்க்கப் போனபோதும் காப்பித் தம்ளரை நீட்டின கையில் முழங்கைப் பக்கம் நிறம் எப்படி மாறுகிறது என்றுதானே பார்த்தேன், பிடித்திருக்கிறதா என்று மாமா கேட்டதற்கு ஆமாம் என்றேன், எது பிடித்தது, அவளா, அந்த முழங்கையா. அவளிடம் ஒருநாள் இதைச் சொல்லியிருக்கிறார். "முழங்கையாவது பிடிச்சிதே" என்றாள். பிள்ளைகள் கிடையாது இவர்களுக்கு, முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தே ஓட்டியாயிற்று. அவள் இல்லாமல் நாலு நாள் சேர்ந்தாற்போல இருந்ததில்லை, இருக்க முடியாது, அது அவருக்குத் தெரியும், அது பாசமா பழக்கமா என்றுதான் தெரியாது. அது தெரியாமலேயே கலவையை எடுத்து நெற்றியில் வைத்தார், பக்கவாட்டில் கத்தியால் இழுத்தார், நெற்றி சரியாக வந்தது.

இருபதாம் நாள் ஒரு சோதனை செய்தார், அதை மட்டும் சொல்லிவிட வேண்டும். ரெண்டு பேரையும் இடம் மாற்றி உட்காரவைத்தார், ஆவுடை ஜன்னல் பக்கம், வடிவு கட்டிலில். ஜன்னல் வெளிச்சம்தான் காரணம் என்றால் இப்போது ஆவுடை மஞ்சளாக வேண்டும். ஆவுடை ஆகவில்லை. மஞ்சள் வடிவோடு எழுந்து நடந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. ஒரு டாக்டருக்கோ, ஒரு தாய்க்கோ, தெருவில் கீரை விற்கிறவளுக்கோ அந்த இடத்தில் பொறி தட்டியிருக்கும். குற்றாலிங்கத்துக்கும் தட்டியது, ஆனால் வேறு பொறி. இது வெளிச்சம் இல்லை, பூச்சு இல்லை, இதுதான் இவள் நிறம் என்று தோன்றியது. இத்தனை வருஷம் நான் இவளைப் பார்க்கவே இல்லை, சோறு போடுகிற கையாக, கதவு திறக்கிற ஆளாகப் பார்த்திருக்கிறேன், மாநிறம் என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிட்டேன், இருபது நாள் பார்த்த பிறகுதான் இவளுடைய உண்மையான நிறம் மேலே வருகிறது, நாலே வண்ணத்தைக் கையில் எடுத்ததன் பலன் இது, ஆசை காட்ட வேறு வண்ணம் இல்லாததால் கண் கூர்மையாகிவிட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பாவுக்கு வராத தண்ணீர். பாசம் இருக்கிறது, இதோ இருக்கிறது, நான் கண் மட்டும் இல்லை என்று ஒரு சந்தோஷம். "என்னத்த அப்படி பாக்கீய" என்று வடிவு கேட்டாள். "ஒண்ணுமில்ல, நீ இரு" என்றார். அதற்குப் பிறகு டியூபையும் மரத்தையும் குறை சொல்வதை விட்டுவிட்டார், தினம் தினம் காவியைக் கூட்டிக்கொண்டே போனார், கூட்டக் கூட்ட அவளை நெருங்குவதாக அவருக்கு எண்ணம்.

இன்றைக்குக் கண்கள். ஆவுடை குனிந்து தைக்கிறாள், அவள் கண்ணுக்கு ரெண்டு கோடு போதும், வடிவு நிமிர்ந்து பார்க்கிறாள், அவளுக்குக் கண் வேண்டும், அதைக் கடைசிக்கென்று வைத்திருந்தார். வெள்ளை விழிக்கு வெள்ளை போடக்கூடாது, போட்டால் பொம்மைக் கண் ஆகிவிடும், சாம்பல் போடு, துளி சிவப்பு போடு, வெள்ளையை மறந்துவிடு, இதை வகுப்பில் எத்தனை தடவை கத்தியிருப்பார். அதன்படி வெள்ளையில் கருப்பைத் தொட்டுச் சாம்பலாக்கி எடுத்துக்கொண்டு போனார், வைத்தார், ஒட்டவில்லை. பார்த்தார். சாம்பலில் காவி. போதவில்லை. இன்னும் காவி. கத்தி நுனியால் வெள்ளையைக் குறைத்தார், கருப்பைக் குறைத்தார், கடைசியில் பார்த்தால் கலவையில் காவியைத் தவிர வேறெதுவும் அநேகமாக இல்லை, டியூபிலிருந்து நேராக வந்த மாதிரி, அதை எடுத்து வைத்தார், அப்படியே பொருந்தியது. வெள்ளை விழியில் வெள்ளையே இல்லை. நான் சொன்னது எவ்வளவு நிஜம் என்று அவருக்கு ஒரு பெருமிதம், முப்பத்திநாலு வருஷம் சொன்னேன், ஒரு பயலும் நம்பவில்லை, இதோ பார். இடது கண் முடிந்தது. படத்திலிருந்து வடிவு ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் என்னவோ அந்தப் பார்வையை ரொம்ப நேரம் தாங்க முடியவில்லை, பிரஷ்ஷைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

ஆவுடை நூலைப் பல்லால் கடித்து அறுத்து எழுந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜாக்கெட்டை அளவு பார்க்க அக்காவிடம் வந்தாள், வந்து சரியாக வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஆவுடை, பத்து நிமிஷம்" என்றார் இவர். "இருங்கத்தான், இந்தா ஆச்சு" என்று தோளில் வைத்துப் பிடித்தாள். "எக்கா, இது மூணாவது ஜாக்கெட்டு பிடிச்சுத் தைக்கேன், இதுவும் தொளதொளன்னு கெடக்கு." "சவத்த விடுட்டி, வயசானா வத்தத்தான் செய்யும்." ஆவுடை அக்காவின் கையைத் தூக்கி அளவு பார்த்தவள் கையை விடவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பினாள். "மஞ்ச தேச்சுக் குளிச்சியாக்கா இன்னைக்கி?" "திங்கக்கெழம என்னட்டி மஞ்ச. உங்க அத்தான் வேண்டாம்னதுல இருந்து நான் அதத் தொடவே இல்ல, டப்பா அப்படியே கெடக்கு." "சும்மா சொல்லாத. கையெல்லாம் மஞ்சளா இருக்கு." "ஒனக்குக் கண்ணுல என்னமோ" என்று வடிவு கையை இழுத்துக்கொண்டு சொறிந்தாள்.

தொடவே இல்லை. குற்றாலிங்கம் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே அந்த வார்த்தையைக் கேட்டார், தொடவே இல்லை, பதினாறு நாளாகத் தொடவில்லை, அப்படியானால் தெரியாமல் தேய்த்துக்கொள்கிறாள் என்று நான் நினைத்தது, அதை விடு, ஆவுடைக்கு எப்படித் தெரிகிறது, ஆவுடை பிரஷ் பிடித்தவள் இல்லை, இருபது நாள் உற்றுப் பார்த்தவள் இல்லை, கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு தடவை பார்த்தாள், மஞ்சள் என்றாள். உண்மையான நிறம் என்றால் கூடப்பிறந்தவளுக்கு அது ஐம்பது வருஷமாகத் தெரிந்திருக்க வேண்டும், அவளுக்கு ஏன் இன்றைக்குப் புதுசாக இருக்கிறது. புதுசாகத்தான் வந்திருக்கிறது. எட்டு நாள் இல்லை, ஒன்பதாம் நாள் வந்தது, வந்து தினமும் ஏறியது, நான்தான் ஏற ஏறக் கலந்துகொடுத்தேன். அரிப்பு, சாப்பாடு பிடிக்கவில்லை, கால் வலி, மூணு ஜாக்கெட், வெள்ளை விழி. காமாலை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை, ஊரில் கைமருந்து கொடுக்கிற வீட்டு வாசலில் எழுதிப் போட்டிருக்கிற வார்த்தை, இருபத்தேழு நாளில் ஒரு தடவை அந்த வார்த்தை மனசில் வரவில்லை, காவி என்று வந்தது, பச்சை தட்டுகிறது என்று வந்தது. வலி இல்லாமல் வருகிற காமாலை நல்லதில்லை என்று யாரோ எங்கோ சொன்னது ஞாபகம் வந்தது, யார் சொன்னது, எதற்குச் சொன்னது, அந்த ஆள் பிழைத்தாரா என்று அதற்கு மேல் ஞாபகம் போக மறுத்தது.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக்குப் போய்க் குனிந்து அவள் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். "என்னங்க, கையில பெயிண்டு" என்றாள் வடிவு. "மேல பாரு." பார்த்தாள். கிட்டத்தில் பார்க்கப் பங்கும் அளவும் எதுவும் இல்லை, வடிவின் கண், மஞ்சளாக இருந்தது. "ஒண்ணுக்குப் போனா எப்படி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கடுங்காப்பி மாதிரி. சூடுன்னு எளநி குடிச்சேன்." ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்குப் போய்விட்டாள். வடிவு அவள் போன திசையையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், கெட்டிக்காரி. "இன்னும் எவ்வளவு வேல இருக்கு?" என்று படத்தைக் காட்டிக் கேட்டாள், "ஞாயித்துக்கெழம அனுப்பணும்னீயளே, நான் வேணா இருக்கேன், முடிங்க." சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும், குற்றாலிங்கத்தின் கண் தன்னால் ஜன்னலுக்குப் போனது, வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம் நிற்கும், ஒரு கண்தான் பாக்கி என்று பார்த்துவிட்டு வந்தது. வடிவு அதைப் பார்த்தாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேண்டாம், கெளம்பு" என்றார், அவள் கையைப் பிடித்து எழுப்பினார், எவ்வளவு லேசாக இருந்தாள்.

அவள் உள்ளே போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் துண்டும் தம்ளரும் எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அவர் டர்பன்டைன் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், நகக்கண்ணில் காவி போகவில்லை. "டாக்டர் எத்தன நாளா இப்படி இருக்குன்னு கேப்பாருல்லா, என்ன சொல்லணும்?" என்று வடிவு கேட்டாள். "ஒனக்குத் தெரியலயா?" என்றார் அவர். "எனக்கு எப்படித் தெரியும், நான் என் மூஞ்சிய எங்க பாத்தேன். நீங்கதான் தெனமும் பாத்துக்கிட்டு இருந்தீய." "பதினெட்டு நாளா" என்றார். யோசிக்காமல் வந்துவிட்டது. "வியாழக்கெழமல இருந்து. அதுக்கு முந்தின நாள் இல்ல." வடிவு தலையை ஆட்டிக்கொண்டாள், டாக்டரிடம் சொல்வதற்காக ஒரு தடவை பதினெட்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றாள், கோபமே இல்லை, கடைக்குப் போன மனுஷன் தேங்காய் வாங்காமல் வந்து நின்றால் சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள், சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போனாள்.